உடுப்பின் விலையும் உழைப்பின் கணக்கும்

இடம்பெயர்ந்த ஒருவரிடம், "வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது எதை எடுத்து வந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் அரிசி, ஒரு பை உடுப்பு என்றே பெரும்பாலும் பதில் வரும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிடமும், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களிடமும், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களிடமும் இந்தப் பதிலைக் கேட்கலாம். பலர் அந்தப் பையையும் வழியில் விட்டு, உடுத்திய உடுப்போடு வந்தார்கள்.

மாற்றுடுப்பு இல்லாத நாட்களில் ஒரு சாரத்தின் பெறுமதி என்ன, ஒரு சட்டையின் பெறுமதி என்ன என்பதை நாம் நன்றாக அறிந்திருந்தோம். ஆனால் மீள்குடியேறிய குடும்பமாயினும் சரி, இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் இருக்கும் குடும்பமாயினும் சரி, இன்று வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும்போது உடுப்புக்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை. அரிசி, மா, மீன், மண்ணெண்ணெய், பஸ் காசு, பாடசாலைச் செலவு எல்லாம் கணக்கில் வரும். உடுப்பு வராது. அது கிழிந்த அன்று, கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பதை வாங்கும் பொருளாகிவிட்டது. இப்படி வாங்குவதால் எவ்வளவு காசு வீணாகிறது, அதை எப்படி மிச்சம் பிடிக்கலாம் என்பதையே இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மலிவு எது?

சொந்த நிலத்தில் கமம் செய்தவருக்கு வேலை உடுப்பு ஒரு பெரிய செலவாக இருக்கவில்லை. பழைய சாரமும் தோளில் ஒரு துவாயும் போதும். நிலத்தை இழந்து கூலி வேலைக்குப் போகும்போது நிலைமை மாறுகிறது. வீதி வேலை, மேசனுக்குக் கையாளாக நிற்பது, பிறர் தோட்டத்தில் நாள் முழுவதும் குந்தியிருந்து வெங்காயம் நடுவது, பல வருடங்கள் பற்றை மண்டிக் கிடந்த காணியைத் துப்புரவாக்குவது என எல்லாமே உடுப்பைத் தின்னும் வேலைகள். கல்லும் சீமெந்தும் முள்ளும் படும் இடத்தில் மெல்லிய சட்டை ஒரு பருவத்துக்கும் தாங்காது.

இதற்கு மேல் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வந்தது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. நமது நாட்டில் விற்கப்படும் துணியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. ஆகவே புடைவைக்கடையில் விலைகள் ஏறின. கூலி அதே வேகத்தில் ஏறவில்லை.

விலை ஏறும்போது நமக்கு இயல்பாகத் தோன்றுவது, கடையில் உள்ளதில் குறைந்த விலைக்குப் போவதுதான். கணக்குக்காக ஓர் உதாரணம் எடுப்போம். ஒரு வேலைச் சட்டை 900 ரூபா. மாதம் 25 நாள் வேலை என்றால், அது மூன்று மாதம், அதாவது 75 நாள் தாங்குகிறது. மற்றது தடித்த துணியில் நன்றாகத் தைத்த சட்டை. விலை 2,100 ரூபா. அது ஒரு வருடம், அதாவது 300 நாள் தாங்குகிறது. முதலாவது சட்டைக்கு ஒரு நாளுக்கு 12 ரூபா செலவு. இரண்டாவதற்கு 7 ரூபா. ஒரு வருடத்துக்கு முதலாவது வகையில் நான்கு சட்டை வாங்க வேண்டும். அதற்கு 3,600 ரூபா. மற்றதற்கு 2,100 ரூபா மட்டுமே. மிச்சம் 1,500 ரூபா.

இரண்டாவது சட்டைக்கு நூலும் ஒட்டுத் துணியுமாக 150 ரூபா செலவழித்து இன்னும் ஆறு மாதம் போட்டால், 450 நாளுக்கு 2,250 ரூபா. ஒரு நாளுக்கு 5 ரூபாவாகக் குறைந்துவிடும்.

ஆகவே, "என்ன விலை?" என்பது பாதிக் கேள்விதான். "ஒரு நாள் உழைப்புக்கு இந்த உடுப்பு எவ்வளவு காசு எடுக்கும்?" என்பதே முழுக் கேள்வி. இதனை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும். விலை கூடியது எல்லாம் உறுதியானது என்றும் எண்ணிவிடக்கூடாது. பெயருக்கும் படத்துக்கும் பகட்டுக்கும் கடைக்காரர் காசு கேட்பார். நாம் பார்க்க வேண்டியவை துணியும் தையலும்.

துணியை அறிந்து வாங்குவோம்

முதலில் நெசவு. சாதாரண நெசவில் குறுக்கு நூல் ஒன்று விட்டு ஒன்றாகப் பாவு நூலின் மேலும் கீழும் போகும். ட்றில், டெனிம் போன்ற துணிகளில் நூல் படிப்படியாக விலகிப் போவதால், உற்றுப் பார்த்தால் சாய்வான கோடுகள் தெரியும். இந்த வகை நெசவில் நூல்களை நெருக்கமாக வைக்க முடியும். உராய்வையும் இழுவையையும் அது கூடுதலாகத் தாங்கும். ஆகவே வேலைக் காற்சட்டைக்குச் சாய்வுக் கோடு தெரியும் துணியே நல்லது.

இரண்டாவது இழை. பருத்தி வியர்வையை உறிஞ்சும்; நனைந்தால் அதன் உறுதி கூடும்; அதனால் தோய்ப்பைத் தாங்கும். பொலியெஸ்ரர் உறுதியானது, கெதியாகக் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, வெயிலில் புழுங்கும். இரண்டும் கலந்த துணி பல வேலைகளுக்குப் பொருத்தமானது. றேயன் என்ற துணி தொடுவதற்கு மென்மையாகவும் பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும். ஆனால் நனைந்ததும் அதன் உறுதி பெருமளவு குறைந்துவிடும். வியர்வையும் சேறும் படும் வேலைக்கு அதை வாங்குவது காசைக் கரைப்பதாகும்.

என்ன இழை என்று தெரியாவிட்டால் ஒரு சிறிய சோதனை செய்யலாம். உட்தையலின் ஓரத்தில் இருந்து இரண்டு மூன்று நூலை எடுத்து, குறட்டால் பிடித்து, குடிசைக்கு வெளியே வைத்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தியும் றேயனும் கடதாசி எரிவதுபோல் எரிந்து, மெதுமையான சாம்பல் தரும். பொலியெஸ்ரர் சுருங்கி உருகி, ஆறிய பின் கடினமான மணியாக நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலோடு மணியும் இருக்கும்.

மூன்றாவது அடர்த்தி. துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். கைவிரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அது வேலைக்கு உதவாது. பின்னர் துணியின் ஒரு மூலையை இரண்டு கைகளாலும் நன்றாகக் கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்து துணி தளர்ந்தால், கஞ்சியால் தடிப்பாக்கப்பட்ட துணி அது. முதல் தோய்ப்போடு அதன் தடிப்பும் போய்விடும்.

சாரம் வாங்கும்போதும் இதே சோதனைகள்தான். மருதமுனை போன்ற இடங்களில் நெருக்கமாக நெய்யப்படும் கைத்தறிச் சாரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு, மெல்லிய சாரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லாமலே விளங்கும்.

தையலைப் பாருங்கள்

துணி நல்லதாக இருந்தும் உடுப்பு கிழிவது உண்டு. காரணம், உடுப்பு எல்லா இடத்திலும் ஒரேமாதிரிக் கிழிவதில்லை. பொக்கற் மூலை, தொடைச் சந்து, கமக்கட்டு, முழங்கால், பின்புறம், மருந்துத் தாங்கியின் பட்டி அழுத்தும் தோள் என்று சில இடங்கள் முதலில் போகும்.

இதைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரெனோ என்ற ஊரில் யேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இருந்தார். கூலித் தொழிலாளி ஒருவரின் மனைவி, தன் கணவருக்குக் கிழியாத காற்சட்டை ஒன்று தைத்துத் தரும்படி அவரிடம் கேட்டார். அவர் தடித்த துணியில் தைத்ததோடு நிற்கவில்லை. பொக்கற் மூலைகள் போன்று இழுபடும் இடங்களில் சிறு செப்பு ஆணிகளை அறைந்து இறுக்கினார். தனக்குத் துணி வழங்கிய வியாபாரியான லெவி ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகம் முழுவதும் இளைஞர்கள் விரும்பி அணியும் ஜீன்ஸ், இப்படி ஓர் ஏழைத் தொழிலாளியின் தேவையில் இருந்து பிறந்ததாகும். எங்கே கிழியும் என்று முன்பே அறிந்து அந்த இடத்தைப் பலப்படுத்தியதே டேவிஸின் கெட்டித்தனம்.

நமக்குச் செப்பு ஆணி தேவையில்லை. உடுப்பை வாங்கியவுடன், போட முன்னரே, பொக்கற் மூலைகளிலும் சந்திலும் உறுதியான நூலால் குறுக்கே ஏழெட்டுத் தையல் நெருக்கமாகப் போட்டுவிடுங்கள். தெறிகளை இன்னொரு முறை இறுக்கித் தையுங்கள். முழங்காலின் உட்பக்கத்தில் பழைய டெனிம் துண்டொன்றை வைத்துத் தையுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். வேலை உடுப்புக்குப் பருத்தி நூலிலும் பொலியெஸ்ரர் நூல் நல்லது. வியர்வையில் அது உக்காது.

கடையில் உடுப்பை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். தையல்கள் நெருக்கமாக உள்ளனவா? தையலுக்கு வெளியே ஓரத்துணி போதியளவு விடப்பட்டுள்ளதா? இரண்டு கைகளாலும் தையலின் இருபுறமும் பிடித்து இழுக்கும்போது நூல்கள் பல்லைக் காட்டுகின்றனவா? ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து இரண்டு வரியாகத் தைத்த உடுப்பு என்றால், அதுவே வேலைக்கு உகந்தது.

எங்கே வாங்குவது?

ஆயத்த ஆடை நமது நாட்டின் மிகப் பெரிய கைத்தொழில் ஏற்றுமதி. ஏற்றுமதிக்குத் தைத்து, சிறு பழுது காரணமாக விலக்கப்பட்ட உடுப்புகள் நகரங்களின் நடைபாதைக் கடைகளுக்கு வருகின்றன. இவற்றில் நல்ல துணியில் தைத்த உடுப்புகளைக் குறைந்த விலைக்கு எடுக்கலாம். ஆனால் பழுது எங்கே என்று தேடிப் பிடிக்க வேண்டும். நிறம் சற்று மாறியிருந்தாலோ, பெயர்ப்பட்டி கோணலாக இருந்தாலோ வயலில் யாரும் கேட்கப் போவதில்லை. துணியில் நூல் அறுந்து ஓடியிருந்தால், அல்லது ஒரு கால் முறுகி நின்றால், வாங்க வேண்டாம்.

ஊர்த் தையற்காரரிடமோ, வீட்டில் மெசின் வைத்துத் தைக்கும் அக்காவிடமோ கொடுத்துத் தைப்பிப்பது இன்னொரு வழி. துணியை நீங்களே தெரிந்து வாங்கலாம். அளவும் சரியாக இருக்கும். குந்தியிருந்து வேலை செய்பவருக்குச் சந்தில் இடம் விட்டுத் தைப்பிக்கலாம். பருத்தித் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். ஆகையால் அதை ஒரு முறை நனைத்துக் காய வைத்த பின்னரே வெட்டக் கொடுங்கள். வளரும் பிள்ளைக்கு என்றால், கீழ் ஓரத்தில் மூன்று விரல் துணி உள்மடிப்பாக விடச் சொல்லுங்கள்.

கிழியும் முன்னர்

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் ஒட்டுப் போட்ட உடுப்போடு வெளியே போக இன்று நமக்கு வெட்கம். முகாம் வாழ்வில் பிறர் தந்த பழைய உடுப்பை வரிசையில் நின்று வாங்கிய நினைவு அந்த வெட்கத்தைக் கூட்டியிருக்கலாம். அது விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனாலும், வேலை உடுப்பில் இருக்கும் ஒட்டு, அந்த வீட்டில் காசின் அருமை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையே காட்டுகிறது.

யப்பானின் வடக்கே ட்சுகாரு என்ற குளிர்ப் பிரதேசத்தின் கமக்காரருக்கு, பழைய காலத்தில் பருத்தித் துணி உடுக்க அனுமதி இருக்கவில்லை. அவர்கள் உடுத்தது சணல் வகைத் துணி. அது குளிரைத் தாங்காது, கெதியாகத் தேயும். அங்கிருந்த பெண்கள் அந்தத் துணியின் மேல் வெள்ளைப் பருத்தி நூலை நெருக்கமாக ஓட்டித் தைத்தார்கள். துணி தடித்தது, உறுதியானது, சூடு தந்தது. நாளடைவில் அந்தத் தையல் அழகிய கோலங்களாக வளர்ந்து, இன்று கோகின் என்ற பெயரில் பாராட்டப்படும் ஒரு கலையாக நிற்கிறது. இல்லாமையில் பிறந்த வேலை அது.

நாம் செய்யக்கூடியவை மிக எளியவை.

துணி மெலியும்போதே உட்பக்கத்தில் ஒட்டு வையுங்கள். ஓட்டை விழுந்த பின் தைப்பதிலும் பாதி வேலைதான்.

ஒட்டுத் துணி, உடுப்பின் துணியளவு தடிப்பாக இருக்கட்டும். புதிய தடித்த துணியைத் தேய்ந்த துணியில் வைத்தால், ஒட்டைச் சுற்றி மீண்டும் கிழியும். ஒட்டு ஓட்டையிலும் எல்லாப் பக்கமும் இரண்டு விரல் பெரிதாக இருந்து, நல்ல துணியைப் பிடிக்க வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டினால் கிளம்பாது.

சட்டைக் கழுத்துப்பட்டி மடிப்பில் தேய்ந்தால், தையலைப் பிரித்துப் பட்டியை மறுபக்கம் திருப்பித் தைக்கலாம்.

சாரம் இருக்கும் இடத்தில் மெலிந்தால், அந்த இடத்தை நீளமாக வெட்டி, பழைய மூட்டைப் பிரித்து, நல்ல ஓரங்களைச் சேர்த்துத் தையுங்கள். சுற்றளவு சற்றுக் குறைந்தாலும் சாரம் இன்னும் பல மாதம் உழைக்கும்.

இனி உடுக்க முடியாது என்று ஆன உடுப்பிலிருந்து தெறி, சிப், நல்ல துணி ஆகியவற்றை எடுத்து ஒரு பெட்டியில் சேருங்கள். அடுத்த ஒட்டுக்கு அதுவே கடை.

தோய்ப்பில் தேயும் காசு

வேலையில் தேய்வது ஒரு பங்கு என்றால், தவறாகத் தோய்ப்பதில் தேய்வது இன்னொரு பங்கு. கல்லில் ஓங்கி அடிக்கும்போது அழுக்கோடு இழையும் போகிறது, தெறியும் உடைகிறது.

வியர்வை பட்ட உடுப்பை அன்றைக்கே வெறும் தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி மூலையில் எறிந்தால் பூஞ்சணம் பிடித்துப் பருத்தி உக்கும். சேறு பட்டிருந்தால் காயவிட்டு, தட்டி உதிர்த்த பின் நனையுங்கள். நன்றாக ஊறவைத்தால் அடிக்க வேண்டிய தேவை குறையும். உட்புறம் வெளியே வரத் திருப்பி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் காயப் போட்டால் நிறமும் இழையும் காக்கப்படும். வெளிறச் செய்யும் மருந்துகளை வேலை உடுப்புக்குப் பாவிக்க வேண்டாம். அவை பருத்தியைப் பலவீனமாக்கும்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். அதில் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைத் திரையாகப் படியும். கூடக் கூடத் தேய்த்தால் சவர்க்காரம்தான் கரையும். சேமித்த மழைநீர் இருந்தால் தோய்ப்புக்கு அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் சவர்க்காரத் தூள் அந்த நீரில் கூடுதலாக வேலை செய்யும்.

1990களில் பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் அரிதாகி விலையேறிய காலத்தில், யாழ்ப்பாணத்து மக்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டு மாட்டுக்குக் காவலிருந்த கதையைச் சொல்லி இன்றும் சிரிப்பார்கள். அதில் அறிவியலும் உண்டு. பனங்களியில் சப்போனின் என்ற வகையைச் சேர்ந்த, நுரை தரும் பொருள் இருக்கிறது. களியின் கசப்புக்கும் அதுவே காரணம். பனம்பழக் காலத்தில் சேறு படிந்த வேலை உடுப்புக்கு இதனை இன்றும் பாவிக்கலாம். வெள்ளை உடுப்புக்கு வேண்டாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கிருமிநாசினி அடிக்கும் வேலைக்கு நீளக் கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் தனியாக ஒதுக்கி வையுங்கள். அவற்றை அன்றைக்கே, வீட்டு உடுப்புகளோடு சேர்க்காமல், தனியாகத் தோயுங்கள். தோய்த்த தண்ணீர் கிணற்றடிக்குப் போகக்கூடாது. கலக்காத மருந்து ஊற்றுப்பட்டு ஊறிய உடுப்பைத் தோய்த்துப் போட நினைக்காதீர்கள். அதை விட்டுவிடுவதே நல்லது. அப்படியான உடுப்பை ஒட்டுத் துணியாகவும் பாவிக்கக்கூடாது, பிள்ளைகளுக்கும் வெட்டித் தைக்கக்கூடாது.

அடுப்படியிலும், குப்பை அல்லது பற்றை எரிக்கும் இடத்திலும் முழுப் பொலியெஸ்ரர் உடுப்பு ஆபத்தானது. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அங்கே பருத்தியே நல்லது. ஆனால் பருத்தியும் எரியும். ஆகவே தொளதொளத்த உடுப்போடு நெருப்பருகே நிற்க வேண்டாம்.

பிள்ளைகளின் விளையாட்டு உடுப்பு

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறது என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்குக் கவலை. இல்லத்தின் நிறத்தில் ரீசேட், காற்சட்டை, சப்பாத்து, உடற்பயிற்சிக் காட்சிக்கு இன்னொரு உடுப்பு என்று பட்டியல் நீளும். காசு இல்லாத வீட்டுப் பிள்ளை, "எனக்குக் கால் நோகுது" என்று சொல்லி ஒதுங்கிவிடும். ஓடக்கூடிய ஒரு பிள்ளை உடுப்புக்காக ஓடாமல் நிற்பது பெரிய இழப்பு.

பெற்றோர் சேர்ந்து பாடசாலையோடு பேசினால் இதற்கு வழி உண்டு. எல்லோருக்கும் ஒரே வெள்ளை ரீசேட்டும், இல்லத்தின் நிறத்தில் ஒரு பட்டியும் போதும். பட்டியைப் பாடசாலையே வைத்திருந்து வருடாவருடம் கொடுக்கலாம். பிள்ளை வளர்ந்ததும் சிறுத்துப் போன விளையாட்டு உடுப்பைத் தோய்த்துத் திருப்பிக் கொடுத்து, அடுத்த அளவை எடுக்கும் பெட்டி ஒன்றையும் வைக்கலாம். எல்லோரும் கொடுத்து எல்லோரும் எடுப்பதால், இதில் யாருக்கும் தாழ்வு இல்லை.

விளையாட்டுக்கு மெல்லிய பொலியெஸ்ரர் உடுப்பு பொருந்தும். கெதியாகக் காய்வதால், ஒன்றைக் கொண்டே ஒவ்வொரு நாளும் பயிற்சி செய்யலாம். சூடான இஸ்திரிக்கைப் பெட்டி வைக்காதீர்கள். கிளித்தட்டுக்கும் கபடிக்கும் போடும் உடுப்பு இழுபடும். அதற்குப் பழைய தடித்த பருத்தி ரீசேட்டே மேல். உதைபந்தாட்டக் கழகங்கள் வீரர்களின் பெயரை அச்சிடாமல் இலக்கத்தை மட்டும் அச்சிட்டால், ஒருவர் விலகினாலும் அந்த உடுப்பு அடுத்தவருக்கு உதவும். சப்பாத்தைப் பழுதாக முன்னரே அடி ஒட்டுப் பார்த்துத் தைப்பியுங்கள். நனைந்தால் உள்ளே பத்திரிகைத் தாளை அடைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் பசையைக் கிளப்பிவிடும்.

சேர்ந்து வாங்கினால்

இவ்வளவையும் வாசித்த ஒருவர், "எல்லாம் சரிதான், 2,100 ரூபா ஒன்றாகக் கையில் இருந்தால்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழை, கூடக் காசு கொடுத்து மோசமான பொருளை வாங்குவதன் காரணமே இதுதான். அந்த இடத்தில்தான், உடுப்பு மூட்டையோடு வீடு தேடி வரும் தவணைக்காசு வியாபாரி நுழைகிறார். 2,100 ரூபாச் சட்டையைக் கிழமைக்கு 300 ரூபாப்படி ஒன்பது கிழமைக்குத் தருகிறார் என்று வையுங்கள். மொத்தம் 2,700 ரூபா. 600 ரூபா மேலதிகம். தவணை தவறினால் வாசலில் பேச்சும் கேட்க வேண்டும். நுண்கடன் தவணைகளால் நமது பெண்கள் பட்ட துன்பத்தைக் கண்ட பிறகு, உடுப்புக்காகவும் கடன்படத்தான் வேண்டுமா?

பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் உடுப்புச் சீட்டுத் தொடங்கலாம். கிழமைக்கு ஒரு குடும்பம் 250 ரூபா போட்டால் 2,500 ரூபா சேரும். ஒவ்வொரு கிழமையும் ஒரு குடும்பத்துக்கு அது போகும். பத்துக் கிழமையில் எல்லோருக்கும் ஒரு முறை முழுக் காசு கிடைத்துவிடும். வட்டி இல்லை. காசு சங்கத்தின் கணக்கில் இருக்கட்டும். வரவும் செலவும் ஒரு கொப்பியில் எல்லோர் முன்னிலையிலும் எழுதப்படட்டும். முதல் சீட்டைக் குலுக்கிப் போடாமல், கடினமான வேலைக்குப் போகிறவருக்கு, மாற்றுடுப்பு இல்லாதவருக்குக் கொடுங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். பத்துக் குடும்பத்துக்கும் தேவையான ட்றில் துணியை ஒரே கட்டாக மொத்தக் கடையில் வாங்கினால் விலை பேசலாம். ஊரில் தைக்கத் தெரிந்த பெண்ணுக்கு அந்த வேலையைக் கொடுத்தால் தையற்கூலியும் ஊருக்குள்ளே நிற்கும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் உடுப்புப் பங்கிடும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பிள்ளைகள், பிறகு ஐயா, மிஞ்சினால் அம்மா. தோட்டத்துக்குப் போகும் பெண், பழைய சட்டைக்கு மேல் கணவரின் கிழிந்த சேட்டைப் போட்டுக்கொண்டு புல்லுப் பிடுங்குவதை எங்கும் காண்கிறோம். அவரும் கூலிக்குப் போகிறார், அவரும் முள்ளில் நடக்கிறார். வேலை உடுப்புக் கணக்கில் அவருக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். சிக்கனம் என்ற பெயரில் ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தால், அது சிக்கனமாகாது.

இன்றிரவு வீட்டிலுள்ள உடுப்புகளை எல்லாம் பாயில் பரப்பிக் குடும்பமாக இருந்து பாருங்கள். எது இன்னும் உழைக்கும், எதற்கு ஒட்டு வேண்டும், எதிலிருந்து தெறி எடுக்கலாம், யாருக்கு அடுத்ததாக வாங்க வேண்டும் என்று பேசி ஒரு கொப்பியில் எழுதுங்கள். அன்று ஒரு பையோடு வழி நெடுகிலும் நடந்தபோது, அதற்குள் இருந்த ஒவ்வொரு துணியையும் நாம் எண்ணி வைத்திருந்தோம். அதே கவனத்தோடு இன்றும் எண்ணினால், உழைத்த காசில் ஒரு பங்கு வீட்டிலேயே நிற்கும்.